தானாகச் சுட்ட துவக்கு

குளிர்காலத்தில் என் துவக்குக்குச் சோம்பல் பிடித்துவிடும். ஏர்சாஃப்ட் விளையாட்டுக்கான துப்பாக்கி அது. பார்வைக்கு அசல் மாதிரியே இருக்கும், சுடுவது என்னவோ கடலையளவு பிளாஸ்டிக் குண்டுகளைத்தான். உள்ளே ஒரு சின்ன மோட்டார், அது சுற்றும் பற்சக்கரங்கள், காற்றைத் தள்ளும் ஒரு பிஸ்டன். சுவிசில் நான் இருக்கும் லாங்கன்தாலில் பனி இறங்கினால் பழைய பேட்டரி விறைத்துப்போகும். விசையை இழுத்தால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சுடும்.

அதனால்தான் லித்தியம் பாலிமர் பேட்டரிக்கு மாறினேன். எட்டு வோல்ட்டில் ஓடிய சாமானுக்குப் பதினொரு வோல்ட். முதல் நாளிலேயே பிஸ்டனின் பிளாஸ்டிக் பற்கள் அரைபட்டுத் தூளாகக் கொட்டின. எனக்கு அது கவலையாக இல்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது. பகல் முழுக்கத் தொழிற்சாலையில் யாரோ வரைந்து தரும் படத்துக்கு இரும்பு கடைகிறவனுக்கு, தன் இஷ்டத்துக்குச் செய்ய ஒரு வேலை கிடைத்துவிட்டதல்லவா! உருக்குப் பல் வைத்த பிஸ்டன் போட்டேன். பற்சக்கரங்களை மாற்றி, இடைவெளிக்கு மெல்லிய வளையங்கள் கொடுத்து, வயரையும் தடிப்பாக்கினேன். மிஞ்சியது விசைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு செப்புத் தகடுகள். ஒவ்வொரு தடவையும் அவற்றுக்கிடையில் நீலமாகப் பொறி பறந்து தகடு கருகியது. அதற்கு மோஸ்ஃபெட் என்றொரு மின்னணுச் சுவிட்ச் வைப்பார்கள். பெரிய மின்னோட்டம் தகடுகளைத் தொடாமல் அதன் வழியாகப் போய்விடும்.

இந்த வேலையெல்லாம் எங்கள் கட்டடத்தின் நிலவறையில் நடந்தது. இந்த நாட்டில் வீடு கட்டினால் அடியில் குண்டுக்குப் பதுங்கும் அறையும் கட்டவேண்டும். எங்களுடையதில் ஒரு சாண் தடிப்பில் கொங்கிரீட் கதவு. உள்ளே சைக்கிள்களும் பனிச்சறுக்குப் பலகைகளும், மூலையில் என் மேசை.

என் மனைவி சுவிசுக்கு வந்த கிழமை அவளை அங்கே கூட்டிப்போய்க் காட்டினேன். இலங்கையில் போர் முடிந்து நாலைந்து வருடங்களுக்குப் பிறகு எங்கள் கலியாணம் நடந்தது. நான் குழந்தையாக இங்கே வந்தவன். அவள் வன்னியில் கடைசிவரைக்கும் இருந்தவள் என்பது மட்டும்தான் எங்கள் வீட்டுக்குத் தெரியும். அவள் அந்தக் கதவின் விளிம்பில் கையை வைத்துத் தடிப்பை அளந்து பார்த்தாள்.

"இஞ்சை எப்ப சண்டை நடந்தது?"

"இஞ்சை சண்டை நடக்கேல்லை."

"அப்ப ஏன் கட்டினவை?"

"நடந்தாலும் எண்டு."

அவள் தலையாட்டினாள். மேசையில் கிடந்த துவக்கை ஒருமுறை பார்த்தாள். அது என்ன என்று கேட்கவில்லை.

அந்த வருடம் நவம்பரில் பனிமூட்டம் இறங்கி, வாரக்கணக்கில் எழும்பவேயில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம், புதிதாக வாங்கிய மலிவான மோஸ்ஃபெட்டைப் பற்றவைத்துப் பேட்டரியைப் பூட்டிச் சுட்டுப் பார்த்தேன். பிசகில்லை. துவக்கை அப்படியே மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்க மேலே போனேன். அவள் கீழேதான், நிலவறைக்குப் பக்கத்து அறையில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

தேத்தண்ணி கொதிக்கும்போது கீழே துவக்கு சுடத் தொடங்கியது.

மோஸ்ஃபெட் பழுதானால் பெரும்பாலும் மின்சாரத்தை நிறுத்தாது, திறந்துவிட்டுவிடும். இதை நான் பிறகுதான் படித்து அறிந்தேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், ஆளில்லாத அறையில் துவக்கு சுடுகிறது என்பதுதான். படிகளில் ஓடி இறங்கினேன். அவள் கொங்கிரீட் கதவுக்குப் பின்னால் முழங்காலில் இருந்தாள். நான் கூப்பிட வாயெடுப்பதற்குள் குனிந்தபடியே உள்ளே போய்விட்டாள். துவக்கைப் பக்கவாட்டிலிருந்து எட்டிப் பிடித்துக் குழலைத் தரைக்குத் திருப்பினாள். அடுத்த கணம் குண்டுகள் அடைத்த கூடு கழன்று அவள் கைக்கு வந்தது. எந்த இடத்தை அழுத்த வேண்டும் என்று அவள் பார்க்கவேயில்லை. விரல் தானாகப் போனது.

குண்டு நின்றுவிட்டது, துவக்கு நிற்கவில்லை. வெறும் காற்றைச் சுட்டுக்கொண்டு அவள் கையில் அதிர்ந்தது. மேல்பக்கத்துப் பிடியை இழுத்து, குண்டு மிஞ்சியிருக்கிறதா என்று உள்ளே பார்த்தாள். மறுபடி இழுத்தாள். அவள் முகத்தில் அன்றைக்கு நான் பார்த்த பயத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. சுடும்போது இல்லாத பயம் அது. நான் போய்ப் பேட்டரி வயரைப் பிடுங்கினேன்.

"ரவைக்கூட்டைக் கழட்டின பிறகும் சுடுது," என்றாள். "உள்ளுக்கை ஒண்டுமில்லாமல் சுடுது."

"உள்ளுக்கை மோட்டார் இருக்கு. கறண்ட் நிக்கும் வரைக்கும் சுத்தும்."

துவக்கை மேசையில் வைத்துவிட்டு, தோய்த்த உடுப்புகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு படியேறினாள். மேலே என் தேத்தண்ணி வற்றிக் கேத்தல் கருகியிருந்தது. இருவரும் அதைத் தேய்த்துக் கழுவினோம். துவக்கைக் கழற்ற எங்கே பழகினாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாள் என்று தோன்றியது. சொன்ன பிறகு அந்த வீட்டில் எந்தக் கதிரையில் போய் உட்காருவதென்று எனக்குத் தெரியவில்லை.

சில நாட்கள் கழித்து அவளாகவே கேட்டாள்.

"நீங்கள் ஞாயிறிலை போற இடத்துக்கு நானும் வரட்டோ?"

"விளையாடவோ? நீர் வாறீரோ?"

"ஓம். சும்மா பாப்பம்."

ஜூரா மலைச்சரிவில், கைவிடப்பட்ட கல்லுடைக்கும் இடமும் அதையொட்டிய காடும்தான் எங்கள் விளையாட்டுத் திடல். போகும் முன் நல்ல மோஸ்ஃபெட் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தேன். அந்தத் துவக்கையும் பாதுகாப்புக் கண்ணாடியையும் அவளிடம் கொடுத்துவிட்டு நான் ஒன்றை இரவல் வாங்கினேன். ஒரு பக்கம் ஒளிய வேண்டும், மறுபக்கம் தேட வேண்டும். அவள் ஒளிகிற பக்கம். பனிப்புகாருக்குள் நடந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஒளிந்தவர்களை ஒவ்வொருவராகச் சுட்டு வெளியேற்றினோம். அவள் மட்டும் அகப்படவில்லை. எங்கள் குழுவை நடத்துகிற தாடிக்காரத் தபால்காரர் கடைசியில் விசில் ஊதினார். எல்லோரும் மூட்டியிருந்த நெருப்படிக்கு வந்து சொசேஜ் சுடத் தொடங்கினார்கள். அவள் வரவில்லை. மறுபடி ஊதினார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னிடம், "உன் மனைவிக்கு வழி தெரியுமா?" என்று ஜெர்மனில் கேட்டார்.

பரந்து தேடினோம். ஆட்கள் கூப்பிடும் குரல் புகாருக்குள் எந்தத் திசையிலிருந்து வருகிறதென்றே தெரியவில்லை. "எங்கை நிக்கிறீர்? விளையாட்டு முடிஞ்சுது! வெளியாலை வாரும்!" என்று நான் தமிழில் கத்தினேன். கல்லுடைத்த பள்ளத்தின் விளிம்பிலிருந்து அடியை எட்டிப் பார்த்தேன். திரும்பி வந்து ஒரு விழுந்த மரத்தில் கையூன்றி மூச்சு வாங்கினேன்.

அப்போதுதான் கண்டேன். என் சப்பாத்துக்கு ஓரடி தள்ளி, சருகுக் குவியலுக்குள் ஒரு கண் திறந்திருந்தது.

அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு ஆள் நிற்கிறான் என்று அந்தக் கண்ணுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஆள் நான்தான் என்று தெரிந்ததாக எனக்குப் படவில்லை.

நான் மெல்லக் குந்தினேன். "நான்தான்," என்றேன். பிறகு சருகு அசைந்தது.

"விசில் கேக்கேல்லையோ?"

"கேட்டது."

"நான் கத்தினதும் கேட்டதோ?"

"ஓம். ரெண்டு தரம் பக்கத்தாலை போனீங்கள்."

"பிறகேன் வரேல்லை?"

"முடிஞ்சுது, வெளியாலை வாங்கோ எண்டுதான் கூப்பிடுவினம்," என்றாள். "எழும்பிப் போனவையளை நான் பாத்தனான்."

கையைக் கொடுத்துத் தூக்கினேன். அவளுடைய முன்பக்கம் முழுக்க ஈரம். நெஞ்சுக்கடியில் துவக்கு கிடந்தது, பேட்டரி தனியாக அவள் சட்டைப் பையில்.

"தானாச் சுடுறதை வைச்சுக்கொண்டு படுக்கேலாது," என்றாள்.

தபால்காரர் அவளைக் கண்டதும் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். இவ்வளவு திறமாக ஒளிந்த ஒருவரை அவர்கள் கண்டதேயில்லையாம். அவள் சிரித்து, கொடுத்த சொசேஜை வாங்கிச் சாப்பிட்டாள். காரில் ஹீட்டரை முழுதாகப் போட்டும் அவளுக்கு நடுக்கம் நிற்கவில்லை. ஓல்ட்டன் நகரத்தைத் தாண்டும்போது, தனக்கு அக்கா ஒருத்தி இருந்தாள் என்று சொன்னாள். ராணுவம் கூப்பிட்டபோது கையைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போனவள். அதன் பிறகு அவளைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. அவ்வளவுதான் சொன்னாள். மிச்சத்தை அந்தக் குளிர்காலம் முழுக்க, மரக்கறி வெட்டும்போதும் படுக்கையை விரிக்கும்போதும் துண்டுதுண்டாகச் சொன்னாள். நான் கேட்டால் சொல்லமாட்டாள். கேட்காமலிருக்கப் பழகிக்கொண்டேன்.

அவள் பிறகு விளையாட வரவில்லை, என்னைப் போகவேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் அடுத்த வசந்தம் வரைக்கும் போனேன். துவக்கு குளிரிலும் இழுத்தவுடன் சுட்டது, ஒரு பழுதும் வரவில்லை. ஆனால் விசில் ஊதி எல்லோரும் நெருப்படிக்குத் திரும்பும்போது என்னால் மட்டும் நேரே நடக்க முடியவில்லை. வழியில் கிடக்கும் ஒவ்வொரு சருகுக் குவியலையும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் வந்தேன். ஒருநாள் தபால்காரர் என்னைக் காத்துக்கொண்டு நின்று, எதையாவது தொலைத்துவிட்டாயா என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்கடுத்த ஞாயிறிலிருந்து நான் போகவில்லை.