நிற்க இடமுள்ள தெரு

சீனன்குடா எண்ணெய்ச் சேமிப்புக் குதங்களில் எழுதுவினைஞனாக இருந்தபோதுதான் வலது கெண்டைக்கால் முதலில் நொந்தது. காரியாலயத்திலிருந்து கார் நிற்கும் மரத்தடிக்குப் போவதற்குள் இழுத்துப் பிடிக்கும். நின்றால் விட்டுவிடும். ஆகவே காரை வாசலோடு நிறுத்தத் தொடங்கினேன். அப்படியொரு கெட்டிக்காரன் நான்.

அந்தப் பக்கத்தில் கார் இல்லாமல் சீவிக்க முடியாது. வீட்டைச் சுற்றிப் பெரிய வளவு, நல்ல கிணறு, அமைதி எல்லாம் இருந்தன. பாண் வாங்கவும் காரைத்தான் எடுக்க வேண்டும்.

திருகோணமலையில் டாக்குத்தர் புறங்காலில் நாடி பார்த்தார். நாடி ஒடுக்கம் (காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் சுருங்குதல்) என்றார்.

"சிகரட்டை விடுங்கோ. காரையும் விடுங்கோ. நோகுமட்டும் நடவுங்கோ, நொந்தால் நில்லுங்கோ. நோ போனதும் திரும்ப நடவுங்கோ."

சிகரட்டை விட்டேன். நடக்கவும் போனேன். வீதியின் ஒரு பக்கம் பற்றை, மறுபக்கம் முட்கம்பி வேலி. நொந்ததும் வெயிலில் நின்றேன். வேலிக்குள் நின்ற காவலாளி, இங்கே என்ன பார்க்கிறாய் என்று அதட்டினார். கால் நோகிறது என்றேன். எனக்கே அது பொய் போலக் கேட்டது. மறுநாள் பழையபடி காரில் ஏறினேன்.

மாரி முடியுமுன் கால் பெருவிரலில் புண் வந்தது. ஆறவில்லை. இப்படியே விட்டால் காலை எடுக்க வேண்டிவரும் என்றார் டாக்குத்தர்.

"டவுணுக்குள்ள வீடு பாப்பம்," என்றாள் மனைவி.

"அந்த நெருக்கத்துக்குள்ள மூச்சுவிட ஏலாது."

"மூச்சு முட்டினா ஜன்னலைத் திறக்கலாம். கால் போனா என்ன செய்வியள்?"

காரை விற்றோம். சந்தைக்குக் கிட்ட இரண்டு அறை கிடைத்தது. வேலைக்கு பஸ்ஸில் போய்வந்தேன். எங்கள் குசினிப் புகை பக்கத்து வீட்டுக்குப் போகும். அவர்களின் சண்டை எங்கள் வீட்டுக்கு வரும். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் நொந்த இடத்திலெல்லாம் ஒரு கடையோ நிழலோ, "எங்கை போறியள்?" என்று கேட்க ஓர் ஆளோ உண்டு. நின்று நின்று நடந்தேன். புண் மெல்ல ஆறியது.

இதே நோ உள்ளவர்கள் மருந்தைக் கேட்பதோடு, நொந்தால் நிற்கத் தங்கள் தெருவில் இடமுண்டா என்றும் பாருங்கள்.

முன்பு தூரத்தை மைல்கட்டையில் சொல்வேன். இப்போது சந்தை, நின்று பேசும் ஒரு கதை தூரம். கோயில் இரண்டு கதை. கால் அப்படித்தான் கணக்கு வைத்திருக்கிறது.

போன கிழமை, நான் வழக்கமாக நிற்கும் தையல்கடையைக் கடந்து போய்விட்டேன். கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் அண்ணர் ஒருவரின் கடை அது; காக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் உள்ளே இருந்து கூப்பிட்டார்.

"என்ன ஐயா, இண்டைக்கு நிக்காமப் போறீங்க?"

"கால் நோகேல்லை, காக்கா."

"அதுக்கென்ன? வந்து இரிங்க."

திரும்பிப் போய் இருந்தேன்.