இனிஷியல் இல்லாத கரும்பு

அம்மாவின் கரும்பு பூத்துவிட்டது. கடலூர் ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது அழகு. செல்போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் படம் எடுப்பார்கள். எங்களுக்கு அது கெடு. பூத்த கரும்பை உடனே வெட்டி ஆலைக்கு அனுப்பாவிட்டால் சாறு வற்றி உள்ளே பஞ்சுபோல நெட்டியாகிவிடும். ஆலை வெட்டு உத்தரவு கொடுத்தால்தான் வெட்டலாம். நட்ட தேதிப்படி வர வேண்டிய உத்தரவு, கிருமாம்பாக்கத்தில் எங்களுக்குப் பின்னால் நட்டவர்களுக்கெல்லாம் வந்துவிட்டது. அம்மாவுக்கு வரவில்லை.

உத்தரவு அனுப்பும் புதிய மென்பொருளை எழுதியவள் நான்தான். ஊர் இதைச் சொல்லியே என்னைத் தின்றது. பக்கத்து நிலத்துக்காரர் வரப்பில் நின்றுகொண்டு அம்மாவிடம், "உன் பொண்ணு கையிலதான கம்ப்யூட்டர் கீது, ஒரு தட்டு தட்டச் சொல்லேன்" என்றார். தட்டினால் வருகிற இடத்தில் அம்மாவின் பெயர் இருந்தால் தட்டியிருக்க மாட்டேனா?

வில்லியனூரில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில், ஆலையின் மென்பொருள் வேலையை எடுத்திருக்கிற எங்கள் அலுவலகம். ஆலையின் டேட்டாபேஸ் அரதப் பழசு. அதை விற்ற கம்பெனியே இன்று இல்லை. இக்காலத்து நிரல்கள் ஓ.ஆர்.எம். என்கிற இடையாளை வைத்துத்தான் டேட்டாபேஸோடு பேசும். இந்த விவசாயியைக் கொண்டு வா என்று நாம் நிரலில் எழுதினால், இடையாள் அதை டேட்டாபேஸின் மொழியான எஸ்.க்யூ.எல். ஆக்கிக் கேட்டு வாங்கித் தரும். ஆனால் எஸ்.க்யூ.எல். எல்லா டேட்டாபேஸிலும் ஒன்றல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு பேச்சு வழக்கு. இந்தக் கிழத்தின் வழக்கை இடையாளுக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. அது என் தலையில் விழுந்தது. முதல் பத்துப் பேரைக் கொடு என்று சாதாரணமாகக் கேட்டால் இதற்குப் புரியாது. ஆம், இல்லை என்று மட்டும் பதில் வைக்கும் ஒரு தரவு வகை இருப்பதே தெரியாது. ஒவ்வொன்றாக மாற்றி எழுதிக்கொண்டிருக்கும்போதே கரும்பு அரைவைப் பருவம் தொடங்குகிறதென்று ஆலை மென்பொருளை ஓடவிட்டுவிட்டது.

அம்மா எங்கே விழுந்தாள் என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. அவளுக்கு இனிஷியல் கிடையாது. அப்பா வேறொருத்தியோடு போன பிறகு அவர் பெயரின் முதல் எழுத்தை ஒவ்வொரு ஆபீஸாக ஏறி எடுக்க வைத்தவள் அவள். என் நிரல் இனிஷியலையும் பெயரையும் ஒட்டி முழுப்பெயர் செய்தது. காலிப்பெட்டி என்றால் இந்த டேட்டாபேஸுக்கு 'தெரியாது' என்று பொருள். தெரியாததோடு எதை ஒட்டினாலும் அதுவும் 'தெரியாது'. பெயர் தெரியாத ஆளை இடையாள் விலக்கிவிட்டது. இத்தனை வருடம் பாடுபட்ட மனுஷியை அது ஆளே இல்லை என்றது.

வழக்கமான மருந்து ஒன்று உண்டு. 'தெரியாது' என்று வந்தால் வெற்று எழுத்தை வை என்று சொல்லலாம். வைத்தேன். வெற்று எழுத்தையும் அது 'தெரியாது' என்றுதான் எடுத்துக்கொண்டது. பேயை விரட்டப் பேயையே கூப்பிட்ட கதை. கீபோர்டை அப்படியே தூக்கி ஜன்னல் வழியே கீழே மார்க்கெட்டில் எறியலாம் போலிருந்தது.

எங்கள் முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அந்தப் பொட்டில ஒரு எழுத்தைப் போட்டு முடிம்மா. நாளைக்கே உத்தரவு வந்துடும். யாரு கேக்கப் போறாங்க?"

உண்மைதான். அன்று சாயங்காலம் அம்மா வயலில் ஒரு கழியை ஒடித்து நடுப்பாகத்தை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் எழுத்தைப் போடட்டுமா என்று கேட்டேன்.

"அந்தாளு எழுத்தா? நட்டது நானு, தண்ணி கட்னது நானு."

"சரி, உங்கப்பா எழுத்தைப் போடட்டுமா?"

"அவருதான்டி என்னை அந்தாளுக்குக் கட்டி வச்சாரு."

"காயுதும்மா."

"தெரியுது. எனக்குக் கண்ணு இல்லயா?"

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. பிடிவாதத்தைக் கரும்பாலையில் போட்டுப் பிழிய முடியுமா? அவளுக்குத் தெரியாமல் ஒரு எழுத்தைப் போட்டுவிட எனக்கு நிமிஷம் ஆகாது. மறுநாள் பஸ்ஸில் உட்கார்ந்து அப்படித்தான் முடிவு செய்தேன். அவளுடைய பதிவைத் திறந்தும் வைத்தேன். அந்தக் காலிப்பெட்டியைப் பார்த்தேன். அதைக் காலியாக்க அவள் பட்ட பாட்டைப் பார்த்து வளர்ந்தவள் நான். மூடிவிட்டேன்.

பிறகு இடையாளின் வயிற்றைக் கிழித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். எழுத்துகளை ஒட்டும் இடத்தையே பிடுங்கிவிட்டு, இந்த டேட்டாபேஸுக்கென்று தனியாக எழுதினேன்: ஒரு பக்கம் 'தெரியாது' என்றால் ஒட்டாதே, இருக்கிற பக்கத்தை மட்டும் கொடு. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று உடைந்தது. தேடல் போனது, வரிசை போனது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பஸ்ஸில் அந்த வெள்ளைப் பூ தெரியாத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தேன். முடியாது என்று ஆலைக்குச் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

கடைசியில் ஓடியது. அம்மாவின் பெயர் வெறும் பெயராக வந்து நின்றது. ஆனால் அவள் தனியாக வரவில்லை. நெட்டப்பாக்கம் பக்கத்தில் இருவர், பாகூரில் ஒருத்தி, இன்னும் சிலர், எல்லாரும் பெண்கள், எல்லாரும் காலிப்பெட்டி. இவர்களும் விழுந்திருப்பார்கள் என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. பெரும்பாலோர் அம்மாவுக்கு முன்னால் நட்டவர்கள். வரிசையில் அவர்கள் மேலே ஏற, அம்மா கீழே போனாள். அந்த ஒற்றை எழுத்தைப் போட்டிருந்தால் அவள் கரும்பு என்றைக்கோ வண்டி ஏறியிருக்கும். அவர்கள் கரும்பு நின்ற இடத்திலேயே காய்ந்திருக்கும்.

உத்தரவு வந்தபோது அரைவை முடியப்போகிற நேரம். வெட்டாட்கள் சாய்த்துப் போட்ட கழிகளில் பாதிக்கு மேல் நெட்டி. ஒரு ஆள் கரும்புக்கட்டு ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கனமே இல்லயேக்கா" என்றான். அம்மா என் செல்போனை வாங்கி உத்தரவில் இருந்த தன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தாள். அதற்கு முன்னால் எதுவும் இல்லை.

லாரி போன பிறகு, அடிக்கட்டைகள் மட்டும் நின்ற நிலத்தில் உட்கார்ந்து அவள் அழுதாள். நானும் உட்கார்ந்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி துளிர்க்கப்போகும் கட்டைகளைக் கையால் காட்டினாள்.

"கட்டைக் கரும்புக்கும் பதிஞ்சிடு. இதே மாரி, வெறும் பேரு."