இரண்டு கார்களும் ஒரு படக்குறிப்பும்

போன வாரம் தண்டலத்தில், வண்டி கழுவும் கடையில் என் சின்னக் காரை விட்டுவிட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒருவர் ஒரு கறுப்புக் காருக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். மெழுகும் மண்ணெண்ணெயும் கலந்தது போன்ற அந்த வாசனை வந்ததும் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டேன். பால்துரையின் கையில் இருந்த வாசனை அது. சோப்புப் போட்டாலும் போகாது. அவன் பிசைந்து வைத்த சோற்றில்கூட லேசாக இருப்பதாக நாங்கள் கேலி செய்வோம்.

பால்துரை பல வருஷங்களுக்கு முன் என் அறைத்தோழன், நாசரேத் பக்கத்து ஆள். சுங்குவார்சத்திரத்தில் ஒரு மாடி அறை, ஆறு பேர், நான்கு பாய். ஷிப்ட் மாறி மாறிப் படுப்பதால் நான்கே போதும். ஐந்து பேர் தொழிற்சாலைக்காரர்கள், நான் மட்டும் ஒரு தினசரியின் செய்தியாளன். அந்த வட்டாரத்துச் செய்திகளோடு, ஞாயிறு இணைப்பில் ‘எந்தக் கார் வாங்கலாம்?’ என்றொரு பத்தியும் எழுதிவந்தேன். வாரம் இரண்டு கார்களை எடுத்துக்கொண்டு, எது மேல் என்று ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

உங்களிடம் மறைப்பானேன். எனக்கு அப்போது கார் ஓட்டத் தெரியாது. ‘வளைவுகளில் சாலையை விடாமல் பிடித்துக்கொள்கிறது’ என்று நான் எழுதிய காரை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். விளம்பரத் தாள்களைத் தமிழாக்கி, அங்கங்கே ‘என் அனுபவத்தில்’ என்று சேர்த்துக்கொள்வேன். அறையில் எல்லோருக்கும் இது தெரியும்.

“அண்ணே, இந்த வாரம் எந்தக் காரைப் பாயில படுத்துக்கிட்டே ஓட்டுனிய?” என்று பால்துரை கேட்பான்.

அவன் வேலை அதற்கு நேர்மாறு. ஒரகடத்தில் ஒரு கார் ஆலையின் கடைசிச் சோதனைப் பிரிவு. முடிந்து வரும் வண்டியை உள்ளேயே ஒரு சுற்று ஓட்டிச் சத்தம் கேட்பார்கள். பிறகு வரிசையாக எரியும் டியூப் லைட்டுகளுக்கு அடியில் நிறுத்தி, உள்ளங்கையால் உடம்பு முழுக்கத் தடவிப் பார்ப்பார்கள். அந்தப் பழக்கம் அறைக்கும் வந்துவிட்டது. புது டிபன் பாக்ஸைத் தடவுவான், சுவரைத் தடவுவான். வீட்டுக்காரர் புதிதாகப் பெயின்ட் அடித்த கேட்டைத் தடவிப் பார்த்து, “மூணு எடத்துல தூசி உக்காந்துருக்கு சார்” என்று சொல்லிவிட்டான். “நீ உன் வேலயப் பாத்துக்கினு போப்பா” என்றவர் ஒரு வாரம் எங்கள் ஆறு பேரோடும் பேசவில்லை.

பால்துரை ஒப்பந்தத் தொழிலாளி. நிரந்தரம் ஆவோர் பட்டியல் அந்த ஆண்டு வரவிருந்தது. வந்ததும் மனைவியையும் குழந்தையையும் அழைத்துக்கொள்வதாக இருந்தான். படப்பையில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்து, வீட்டுக்காரம்மாவிடம் சொல்லியும் வைத்திருந்தான்.

அப்போதுதான் ஏகாம்பரம் எனக்குப் போன் செய்தார். உள்ளூர்க்காரர். தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் பஸ் விடுகிறவர்.

“சார், உங்க பத்திய வுடாம படிக்கிறேன். ரெண்டு ஸ்போர்ட்ஸ் கார் வெலைக்கு வந்துகீது. ஒன்னு செவப்பு, ஒன்னு சாம்பல். ரெண்டுமே சும்மா பறக்குது. எத்த எடுக்கறதுன்னு நீங்க ஓட்டிப் பாத்து சொல்லணும்.”

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன்.

பால்துரை உடனே ஒப்புக்கொண்டான். அப்படிப்பட்ட வண்டியைத் தொடக் கிடைக்கிறதே என்ற சந்தோஷம். நான்தான் அதோடு விடாமல், “கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கிட்டு வா. அப்பதான் ஒரு மதிப்பு இருக்கும்” என்றேன்.

“ஷிப்டுக்குப் போகும்போது தவிர வெளிய போடக் கூடாதுண்ணே.”

“ஞாயித்துக்கிழமை யாரு பாக்கப் போறா?”

போட்டுக்கொண்டு வந்தான்.

ஒரகடத்துத் தொழிற்பேட்டைச் சாலை ஞாயிறு காலையில் எப்படி இருக்கும் என்று அன்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஆறு வண்டிகள் சேர்ந்து போகக்கூடிய அகலம். நடுத்திட்டில் மாடுகள். சென்னையிலிருந்து புரோக்கர் ஒருவர் இரண்டு கார்களையும் கொண்டுவந்திருந்தார். சிவப்பு வண்டி கண்ணைப் பறித்தது. ஆனால் அங்கே ஏதோ ஓர் ஆலையின் வாசலில் இருந்த வேகத்தடையில் அதன் வயிறு இடித்து, முன்னும் போகாமல் பின்னும் வராமல் நின்றுவிட்டது. வேடிக்கை பார்க்க வந்த ஏகாம்பரத்தின் பஸ் டிரைவர், “மொதலாளி, இத்த வாங்குனா தூக்கறதுக்கு நாலு பேரயும் சேத்து வாங்கிடு” என்றார். ஏகாம்பரமே சிரித்துவிட்டார்.

பால்துரை சிரிக்கவில்லை. எல்லோருமாகத் தூக்கி வண்டியை இறக்கியதும், உள்ளே ஓடிய பாட்டை நிறுத்தினான், ஏசியை நிறுத்தினான், கண்ணாடிகளை ஏற்றினான். ஒரே தூரத்தில் இரண்டு வண்டியையும் இரண்டிரண்டு முறை ஓட்டினான். நான் பக்கத்து இருக்கையில் குறிப்பெடுத்தேன். அந்த வேகத்தில் எழுதிய குறிப்பு எனக்கே படிக்க வரவில்லை.

“சாம்பல் நல்லாருக்குண்ணே. ஸ்டியரிங்க விட்டாலும் நேராப் போவுது. செவப்புல பின்னால ஒரு சத்தம் இருக்கு.”

“எனக்கு ஒன்னும் கேக்கலையே.”

“உங்களுக்குக் கேக்காது” என்றான், சாதாரணமாக.

இறங்கி, சிவப்பு வண்டியின் இடது பின்பக்கத்தைத் தடவினான். கண்ணை மூடிக்கொண்டான். இன்னொரு முறை தடவினான்.

“இங்க மறுபடி பெயின்ட் அடிச்சிருக்காவ. இது அடி வாங்குன வண்டி.”

புரோக்கர் பாய்ந்தார். “யார்யா நீ? போல்ட்டு முறுக்கறவன்லாம் வந்து யாவாரத்தக் கெடுக்கறியா?”

ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். “சார், நீங்க இன்னா சொல்றீங்க?”

“நானும் கவனிச்சேன். ஓட்டும்போதே பின்னால ஒரு சத்தம் இருந்தது” என்றேன்.

பால்துரை என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு மாடுகள் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுக்குக் கோபமில்லை. திரும்பும்போது ஷேர் ஆட்டோவில், “‘ஓட்டும்போதே’ன்னியளே, அதாம்ணே டாப்பு” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஏகாம்பரம் சாம்பல் காரை வாங்கினார். நான் பத்தி எழுதினேன். முதல் வரி, ‘இரண்டு கார்களையும் ஓட்டிப் பார்த்தேன்.’ படம் நானே எடுத்தது. குனிந்து சிவப்பு வண்டியைத் தடவும் பால்துரை, சட்டைக் கையில் ஆலையின் சின்னம் தெளிவாக. படத்துக்குக் கீழே ஏதாவது எழுத வேண்டுமே. ‘சோதனையில் கட்டுரையாளரின் உதவியாளர்’ என்று எழுதினேன். பத்து விநாடிகூட ஆகியிருக்காது. வேகமாக எழுதுவதில் எனக்குப் பெருமை இருந்த காலம்.

இணைப்பு வந்த மூன்றாம் நாள் பால்துரை ஷிப்ட் முடிந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் என் எதிரில் உட்கார்ந்தான். மனிதவளப் பிரிவில் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். கம்பெனிச் சட்டையோடு வெளியே என்ன வேலை? பத்திரிகையில் உதவியாளராக எத்தனை நாளாக இருக்கிறாய்?

“நான் வெளி வேல பாக்கேனாம்ணே. நடந்ததச் சொல்லிட்டேன். அண்ணன் கூப்புட்டாவ, அவியளுக்கு ஓட்டத் தெரியாது, நாந்தான் ஓட்டுனேன், சட்டையும் அவிய போடச் சொன்னதுதான்னு. பத்திரிகையில இருந்து எழுதி வாங்கிட்டு வரச் சொல்லுதாவ. நாலு வரி போதும். நடந்தத அப்படியே.”

மறுநாள் அலுவலகத்தில், பத்திரிகையின் பெயர் அச்சிட்ட தாளில் நாலு வரி எழுதினேன். படத்தில் இருப்பவர் எங்கள் ஊழியர் அல்லர். அன்று தற்செயலாக அவ்வழியே வந்தவர். கார்களைக் கட்டுரையாளரே ஓட்டிப் பார்த்தார். தவறான படக்குறிப்புக்கு வருந்துகிறோம். முத்திரை குத்தி, உறையை ஒட்டிக் கொடுத்தேன். முதல் வரி அவனைக் காப்பாற்றிவிடும் என்றுதான் நம்பினேன். ஒட்டிய உறை என்பதால் அவன் பிரித்துப் பார்க்கவில்லை.

அதிகாரி அவன் முன்னாலேயே படித்துக் காட்டியிருக்கிறார். இவன் சொன்னது ஒன்று, கடிதம் சொன்னது வேறு. ‘பத்திரிகைக்காரங்க முத்திரை குத்திப் பொய் சொல்வாங்களா?’ என்று கேட்டாராம். சட்டைக்காகவோ வெளி வேலைக்காகவோ என்றால் ஒருவேளை எச்சரிக்கையோடு விட்டிருப்பார்கள். இப்போது அவன் பொய்யன். பட்டியலில் அவன் பெயர் வரவில்லை. மாதக் கடைசியில் ஒப்பந்தத்தையும் நீட்டிக்கவில்லை.

நேரில் போய்ச் சொல்கிறேன் என்றேன். பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை.

“நீங்களே ஓட்டுனதா அந்த மூணாவது வரி எதுக்குண்ணே?” என்று கேட்டான்.

பையை இழுத்து மூடிக்கொண்டு தாம்பரம் பஸ் பிடிக்கப் போய்விட்டான்.

பிறகு ஒருநாள் ஆலை வாசல் வரை போனேன். பத்திரிகை என்றதும் காவலர் எழுந்து நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். அந்த மரியாதையில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு, வேறு நாள் வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

அந்த மாடி வீட்டை இடித்துவிட்டு இப்போது நாலு மாடிப் பெண்கள் விடுதி கட்டியிருக்கிறார்கள். அந்தச் சாலையில் ஞாயிறும் கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன, வேகமாகப் போனால் கேமரா படம் பிடிக்கிறது. ஏகாம்பரம் வேகத்தடைகளுக்குத் தோற்று ஒரே வருஷத்தில் சாம்பல் காரை விற்றுவிட்டார். பால்துரையின் பழைய எண்ணுக்குப் போட்டால் யாரோ எடுத்து இந்தியில் பேசுகிறார்.

பின்னாளில் நான் உதவியாசிரியர் மேசைக்கு மாறினேன். இரண்டாம் பக்கத்தின் அடியில் வரும் ‘திருத்தம்’ பெட்டி பல வருஷம் என் பொறுப்பில் இருந்தது. தவறிய வயது, மாறிய ஊர்ப்பெயர், உயிரோடிருப்பவருக்கு முன்னால் போட்ட ‘மறைந்த’. எல்லாவற்றையும் சரிசெய்தேன். எந்தப் பகுதியில் தவறு வந்ததோ அந்தப் பகுதியிலேயே திருத்தம் வர வேண்டும் என்பது எங்கள் அலுவலக வழக்கம். ஞாயிறு இணைப்புக்கான ஒன்றை மட்டும் எழுதி, ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிறோடு இணைப்பையே நிறுத்திவிட்டார்கள். படத்தில் இருந்தவர் பெயர் பால்துரை. எங்கள் உதவியாளர் அல்லர். நான் அழைத்து வந்தவர், கம்பெனிச் சட்டை போடச் சொன்னதும் நான்தான். இரண்டு கார்களையும் ஓட்டியவர் அவர். அவன் கேட்ட நாலு வரி இவ்வளவுதான். போடுவதற்குப் பக்கம் இல்லை.