இடம் பெயர்ந்த மஞ்சள் வீடு

தீவில் யாராவது படகைப் பாறையில் ஏற்றிவிட்டால் ஊர் ஒரு வாரம் சிரிக்கும், அப்புறம் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். அபெலினோ சிகுவாயின் கதை மட்டும் இன்னும் ஓடுகிறது. அதற்குக் காரணம் ஊர் இல்லை, அவரே. எந்தக் கல்யாணத்திலும் இரண்டு கோப்பை உள்ளே போனதும், "இந்தப் பக்கத்துப் பாறை ஒவ்வொண்ணையும் எனக்குத் தெரியும். ஒண்ணு மேல ஆறு மணி நேரம் உட்கார்ந்தே பாத்துட்டேன்" என்று தொடங்கிவிடுவார்.

சிலோயேத் தீவுக்கூட்டத்தில் கெத்ரால் என்ற சின்னத் தீவு அவருடைய ஊர். பதினான்கு மீட்டர் மரப் படகு. முப்பத்தோரு வருடமாக ஆட்களையும் உருளைக்கிழங்கு மூட்டைகளையும் பட்டணத்துக்கு ஏற்றிப் போய்க்கொண்டிருந்தார். படகில் கடல் வரைபடம் இருக்க வேண்டும் என்று சட்டம். இருந்தது. கெட்டில் ஆடாமல் இருக்க அதன் அடியில் நாலாக மடித்து வைத்திருந்தார். "காகிதம் நனைஞ்சா கிழியும், பாறை நனைஞ்சா கிழியுமா?" என்று கேட்பார். கேள்வியே தப்பு என்று அவருக்குச் சொல்ல அப்போது யாரும் இல்லை.

அந்த வருடம் புது விதி வந்தது. பயணிகளை ஏற்ற வேண்டுமானால் பரீட்சை எழுதித் தேற வேண்டும். ஐம்பத்தாறு வயதில் அவர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே பாடம் ஒப்பித்தார். "எதிரெதிரா வந்தா ரெண்டு பேரும் வலது பக்கம் திரும்பணும். குறுக்கே வர்றவன் நமக்கு வலப்பக்கம் தெரிஞ்சா நாமதான் வழி விடணும்."

"இந்த வீட்டுல ஒரு நாளாவது வழி விட்டிருக்கீங்களா?" என்றாள் மனைவி ரொசெந்தா.

பரீட்சைக்கு முந்திய சனிக்கிழமை எர்மிந்தா அக்காவின் வீட்டுக்கு மிங்கா, அதாவது ஊரே கூடிக் கூலியில்லாமல் செய்யும் வேலை. வளைகுடாவின் ஒரு கோடியில் தனியாக இருந்த அந்த விதவைக்கு, மாதா கோயில் பக்கம் மகள் வீட்டருகே போய் இருக்க ஆசை. எங்கள் ஊரில் அதற்குப் புது வீடு கட்ட மாட்டோம், இருக்கிற வீட்டையே கொண்டுபோவோம். பதினாறு ஜோடி மாடுகள் மஞ்சள் வீட்டை உருளைக் கட்டைகள் மேல் கரைக்கு இழுத்தன. பீப்பாய்களைக் கட்டினார்கள், கடல் ஓதம் ஏறியதும் வீடு மிதந்தது. அதைக் கயிறு கட்டி இழுத்துப்போனது யார்? அபெலினோதான். ஜன்னல் திரைகூடக் கலையாமல் கொண்டுபோய் இறக்கினார். பன்றிக்கறியும் சிப்பியும் மலையாகத் தின்று, எல்லாரும் முதுகில் தட்டிக் கொடுத்ததில் ஒரு அங்குலம் வளர்ந்து வீட்டுக்குப் போனார்.

அடுத்த மூன்று நாளும் வடக்கிலிருந்து புயல், யாரும் படகு எடுக்கவில்லை. புதன்கிழமை வானம் கழுவி விட்ட மாதிரி இருந்தது. பதினோரு மணிக்குப் பரீட்சை. ஆறு பயணிகளோடு காலை ஏழுக்குக் கிளம்பினார். பட்டணத்தில் கருப்புக் கம்பளி நூல் விற்க எர்மிந்தாவும் ஏறியிருந்தார்.

கெத்ராலை விட்டு வெளியேறும் வழி குறுகல், இரண்டு பக்கமும் பாறை. அபெலினோவின் முறை சுலபமானது. கிளம்பியதும் திரும்பிப் பார்க்க வேண்டும். மஞ்சள் வீடு கோயில் கோபுரத்துக்கு நேர் கீழே வந்துவிட்டால், அந்தக் கோட்டை விடாமல் போய்க்கொண்டே இருக்கலாம். முப்பத்தோரு வருடம் அது தவறியதில்லை.

"என் வீடு இங்கேருந்து எவ்வளவு அழகா தெரியுது பாரு!" என்றார் எர்மிந்தா.

அபெலினோ பார்த்தார். அழகாகத்தான் இருந்தது. வாய் ஏழாம் விதியை முணுமுணுக்க, கை பழக்கத்தில் சுக்கானைத் திருப்ப, மஞ்சள் வீட்டைக் கோபுரத்துக்குக் கீழே கச்சிதமாகக் கொண்டுவந்து நிறுத்தினார். அடுத்த நிமிஷம் படகு முனகிக்கொண்டு பாறைமேல் ஏறி நின்றது.

ஓதம் வடிகிற நேரம். அரை மணியில் படகின் அடிவயிறு முழுக்கத் தெரிந்தது. கரையில் ஊரே கூடிவிட்டது, ரொசெந்தா உட்பட. தரைதட்டிய படகு பகலில் மூன்று கருப்புக் கோளங்களை மேலே கீழே வரிசையாகத் தொங்கவிட வேண்டும் என்று அவர் அந்த வாரம்தான் மனப்பாடம் செய்திருந்தார். எர்மிந்தாவின் மூட்டையிலிருந்து மூன்று நூல்கண்டுகளை வாங்கிக் கொடிமரத்தில் கட்டினார்.

போட்டிப் படகுக்காரன் ரெமிஹியோ சின்னத் தோணியோடு வந்தான். "யோவ், வீட்டை நகர்த்தினே சரி, பாறைகிட்டயும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?" சிரித்து முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "மூடுபனின்னு சொல்லிடு. ரேடியோவுல நான் அப்படித்தான் சொல்லிட்டேன். உன் பொழைப்பு போயிடும்யா."

"நானும் சத்தியம் பண்றேன்" என்றார் எர்மிந்தா.

மற்றவர்கள் ரெமிஹியோவோடு போனார்கள். எர்மிந்தா நூல்கண்டுகளை விட்டுவிட்டு நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

"இடிச்சப்போ ரொம்பப் பயந்துட்டியா அக்கா?"

"எதுக்குப் பயம்? நீதானே ஓட்டினே. நான் கடலைப் பார்க்கவே இல்லை."

 ஊர் முழுக்கச் சிரித்தபோது வராத அவமானம் அபெலினோவுக்கு அப்போதுதான் வந்தது.

மதியம் ரோந்துப் படகில் வந்தது பரீட்சை எடுக்கும் அதிகாரியேதான். நாட்டின் வடக்கிலிருந்து வந்த இளம்பெண். நூல்கண்டுகளை அண்ணாந்து பார்த்தாள். "அளவு பத்தாது. ஆனா இதுவரைக்கும் யாரும் தொங்கவிட்டு நான் பார்த்ததில்லை." வரைபடத்தைக் கேட்டாள். அவர் கெட்டிலைத் தூக்கி எடுத்துக் கொடுத்தார். கெட்டில் விட்ட வட்டக் கறைக்குள் அந்தப் பாறை சிலுவைக் குறியோடு இருந்தது. கோபுரமும் இருந்தது. மஞ்சள் வீடு இல்லை.

"மூடுபனின்னு தகவல் வந்துது."

எர்மிந்தா வாயைத் திறந்தார். அபெலினோ முந்திக்கொண்டார். "பனி இல்ல மேடம். ஒரு வீட்டை அடையாளமா வச்சு ஓட்டினேன். அந்த வீட்டை சனிக்கிழமை நானே இழுத்துட்டுப் போய் வேற இடத்துல வச்சேன்."

அவள் சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு தேறவில்லை என்று எழுதினாள். ஒரு மாதம் பயணிகள் கூடாது, வரைபடத்தைப் படித்துவிட்டு மறுபடி வர வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டார்.

"பனின்னு சொல்லியிருந்தா இந்த வாரமே பரீட்சை வச்சு பாஸ் போட்டிருப்பேன் ஐயா. ஏன் சொல்லல?"

"போட்டிருப்பீங்க" என்றார் அபெலினோ. "அடுத்த தடவையும் இந்த அக்கா கடலைப் பார்க்காம உட்கார்ந்திருப்பாங்க."