காய்ச்சல்காரரிடம் கேட்ட கேள்வி

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், வன்னியில், தர்மபுரத்தில் மலேரியா புகாத கொட்டில் இல்லை. போரால் உருத்திரபுரத்தில் வயலையும் வீட்டையும் விட்டு வந்த நாங்களும் அங்கேதான் தறப்பாள் கூரையின் கீழ் இருந்தோம். அப்போது வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றும் கொழும்பில் உள்ள ஒன்றும் சேர்ந்து, இந்தக் காய்ச்சல் குடும்பங்களை என்ன பாடு படுத்துகிறது என்று ஆராயத் தொடங்கின. வீடு வீடாகப் போய்க் கேட்க இரண்டு பெண்களை எடுத்தார்கள். ஒருத்தி நான். மற்றவள் முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்த மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. கழுத்தில் சிலுவை, வாயில் எந்நேரமும் பகிடியும் சிரிப்பும்.

எங்களுக்கு ஒரே சைக்கிள், அவளுடையது. அவள் மிதிப்பாள், நான் கரியரில் இருப்பேன்.

அனுமதி எடுத்துப் போர்ப்பகுதிக்குள் வந்த வெளிநாட்டுப் பேராசிரியைதான் கேள்விகளைச் சொல்லித்தந்தார். ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவது, தாய் படுத்தால் யார் சமைப்பது. கடைசியாக ஒன்று: காய்ச்சலோடு படுத்திருக்கையில் மனம் எதைக் கேட்கும்? மருந்து, கஞ்சி என்று சொல்வார்கள் என அவர் நினைத்திருக்க வேண்டும்.

சனம் வேறு சொன்னது. "என்ரை வீட்டுக் கிணத்துத் தண்ணியை ஒரு வாளி தலையில வாக்கோணும், பிள்ளை" என்றார் ஒரு பெண். அவருடைய கணவர், "வயலுக்கை தண்ணி பாயிற சத்தம் கேட்டால் காணும், வேறை ஒண்டும் வேண்டாம்" என்றார். வெளியே வந்ததும் என்னோடு வந்தவள் பகிடி ஒன்றும் விடாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தாள்.

மாரிக்காலத்தில் அவளையே காய்ச்சல் பிடித்தது. கடற்கரைச் சனத்துக்கு இந்தக் காட்டுக் காய்ச்சல் பழக்கமில்லை. நான் பக்கத்தில் இருந்தேன். நடுங்கிக்கொண்டே, "என்னட்டையும் கேளன்" என்றாள்.

"என்னத்தை?"

"அந்தக் கடைசிக் கேள்வியை."

கேட்டேன். அவள் கண்ணை மூடினாள். "கரைவலை இழுக்கேக்கை பாடுற சத்தம். உப்புக் காத்து." கண்ணைத் திறந்து, "எழுதிப்போட்டியோ?" என்றாள்.

"ஓம்."

மற்ற எல்லோருடையதையும் போல, அவளுடையதையும் பெயரில்லாமல் எழுதினேன்.

மலேரியாக் குளிசை விழுங்கக் காய்ச்சல் விட்டது. ஆனால் அவள் தேறியதும், மன்னார்ப் பக்கம் போய் இந்தியாவுக்கு வள்ளம் ஏறுவதென்று வீட்டில் முடிவெடுத்தார்கள். சைக்கிளை என்னிடம் விட வந்தவள், "நீயும் வாவன்" என்றாள்.

"அம்மா அப்பாவை விட்டிட்டு எப்பிடி வாறது?"

அவள் சைக்கிளைக் கொட்டிலோடு சாத்திவிட்டுப் போனாள்.

மிச்ச வீடுகளுக்குத் தனியே போனேன். அவள் முதுகுக்குப் பின்னாலிருந்தே பார்த்த பாதைகளை அப்போதுதான் முழுதாகப் பார்த்தேன். எல்லாம் நீண்டு கிடந்தன. அடுத்த முறை வந்த பேராசிரியை, "மற்றப் பிள்ளை எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். போய்விட்டாள் என்பதற்கு மேல் சொல்ல எனக்கு ஆங்கிலம் போதவில்லை.

ஆராய்ச்சி முடிந்தது. நெடுநாள் கழித்து, இந்தியாவிலிருந்து திரும்பிய ஒருவர் எங்கள் கொட்டிலுக்கு வந்தார். அவள் அங்கே அகதி முகாமில் சுகமாக இருக்கிறாளாம். ஒரு பெண் குழந்தையாம். மெலிந்துபோனாளா, சிரித்துக் கதைக்கிறாளா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். அவருக்கு அவ்வளவுதான் தெரியும். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பினார்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருங்கோவன்" என்றேன்.