ஆட்சேபனை இல்லை என்று ஒரு கடிதம்

இங்கே மாலை ஐந்து மணிக்கெல்லாம் விளக்குப் போட வேண்டியிருக்கிறது. கடிகாரம் சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் ஒன்றுதான். சூரியனுக்கு மட்டும் அது தெரியாது. வீடியோ அழைப்பில் சென்னைக் கம்பெனிக்காரர்களின் ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், என் ஜன்னல் கறுத்திருக்கும். புதிதாக வந்த மேலாளர் ஒருமுறை, "மேடம், நீங்க எந்த நாட்டுல இருக்கீங்க?" என்று கேட்டார். அந்தமான், இந்தியாதான் சார் என்றேன். அப்படியென்றால் வெளிநாட்டு வரி விவகாரம் எதுவும் வராது என்று நிம்மதியாகக் குறித்துக்கொண்டார்.

அந்தக் கம்பெனியில் கல்யாணத்துக்கு முன்னால் நிரந்தர ஊழியராக இருந்தேன். கணவருக்கு இங்கே ஃபீனிக்ஸ் பே கப்பல் அலுவலகத்தில் வேலை கிடைத்து, நாங்கள் அரசுக் குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகு ஒப்பந்தக்காரி ஆனேன். அதே மென்பொருள், அதே நேரம், அவர்கள் கொடுத்த அதே லேப்டாப். மாறியது ஒன்றுதான்: மாதாமாதம் வருவதன் பெயர் சம்பளம் இல்லை, தொழில்முறைக் கட்டணம். வருமான வரிப் படிவத்தில் ஊழியருக்கான பகுதியைத் தாண்டி, 'தொழில்' என்ற பகுதியில் என்னை நிரப்ப வேண்டும். ஆனால் போர்டு கிடையாது, முத்திரை கிடையாது. திண்டுக்கல்லில் மாமியாரிடம் கேட்டால் மருமகள் வீட்டில் சும்மா இருக்கிறாள் என்பார். பல வருடம் அது எனக்கு உறைக்கவே இல்லை. ஜெனிஃபரின் போர்டைப் பார்க்கும்வரை.

ஜெனிஃபரை அந்த வேலைக்குக் கொண்டுவந்தவளே நான்தான். ஷாதிபூர்க்காரி, இங்கேயே பிறந்தவள். தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்த மீனவக் குடும்பம். அப்பா வண்டூரில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறார். கம்ப்யூட்டர் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தவளைக் கம்பெனியிடம் சொல்லிச் சேர்த்துவிட்டேன். மென்பொருளில் தப்புகளைத் திருத்தக் கற்றுக்கொடுத்தேன். போன வருடம் கம்பெனியின் ஆடிட்டர் ஒரு கேள்வியைக் கிளப்பினார். ஒரே கம்பெனிக்கு, அது சொல்லும் நேரத்தில், அதன் லேப்டாப்பிலேயே வேலை செய்பவர்களை ஒப்பந்தக்காரர் என்று எப்படிச் சொல்வது? நாளைக்கு அரசாங்கம் இவர்களெல்லாம் ஊழியர்கள்தான் என்று சொன்னால்? ஆகவே எல்லோரும் ஜிஎஸ்டி பதிவோடு ஒரு நிறுவனமாக வரவேண்டும் என்று கடிதம் வந்தது. வரமுடியாதவர்கள் பதிவு செய்தவரின் கீழே வேலை செய்யலாம்.

இரண்டே மாதத்தில் ஜெனிஃபர் ஒருநபர் கம்பெனி பதிவு செய்துவிட்டாள். அவள் வீட்டுக் கேட்டில் நீல போர்டு, அவள் பெயருக்குப் பக்கத்தில் டைரக்டர் என்று. அதைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. வேறு நல்ல வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

மறுநாளே, பதிவுக்காக அவள் போன உள்ளூர் ஆடிட்டரிடம் நானும் போனேன். வயதான வங்காளி, இந்தியில்தான் பேசுவார். "அப்னா கர் ஹை?" என்று கேட்டார். எங்கள் வீடுதானே என்று நினைத்து ஆமாம் என்றேன். அவர் மகிழ்ச்சியாக எழுதிக்கொண்டு பத்திரம் கேட்டார். குவார்ட்டர்ஸ் என்றதும் பேனாவை மூடினார். இந்தியில் சொந்த வீட்டைக் கேட்டிருக்கிறார். தமிழில் நாம் குடியிருக்கும் எல்லா வீடும் நம்ம வீடுதான் என்று அவருக்கு எப்படி விளக்குவது? அரசுக் குடியிருப்பில் தொழில் பதிவு செய்ய முடியாது. திண்டுக்கல் விலாசம் கொடுக்கலாமா என்றேன். வேலை இங்கே, விலாசம் மெயின்லேண்டிலா என்று தலையாட்டினார். வாடகைக்கு ஓர் அறை பிடிக்கலாம், ஆனால் நான் கேட்ட வீட்டுக்காரர்கள் யாரும் தொழில் பதிவுக்கு எழுதித்தர இசையவில்லை.

பேருந்தில் திரும்பும்போது ஒன்று புரிந்தது. ஜெனிஃபரின் மூளை மேல் எனக்குப் பொறாமை இல்லை. அவள் தாத்தா கப்பலிலிருந்து இறங்கி வளைத்துப்போட்ட நான்கு சென்ட் மண் மேல்தான். அவள் 'மெயின்லேண்டு' என்று சொல்லும்போது அது வேறு யாருடைய ஊரோ போல இருக்கும். என்னால் ஒருநாளும் அப்படிச் சொல்ல முடிந்ததில்லை.

அந்த வாரம்தான் மேலாளர் அழைத்தார். பதிவில்லாதவர்களின் வேலையையெல்லாம் ஜெனிஃபரின் கம்பெனிக்கே கொடுத்து, என்னையும் அதன் கீழ் வைக்க உத்தேசம், அவளை நம்பலாமா என்று கேட்டார். நல்ல பெண்தான் சார் என்றேன். அங்கே நிறுத்தியிருக்கலாம். "ஆனா, தனியா எடுத்து நடத்துற அளவுக்கு இன்னும் வரல." அவள் தயார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். அந்த ஒப்பந்தம் கோயம்புத்தூரில் யாருக்கோ போனது. ஜெனிஃபருக்குப் பழைய அளவு வேலை மட்டும் மிஞ்சியது. எனக்குப் பதிவு செய்ய அந்த மாதக் கடைசிவரை தவணை.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து அவள் குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். தேநீர் வைத்தேன், தொடவில்லை. பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். தங்கள் வீட்டு முன்னறையை நான் தொழில் விலாசமாகப் பயன்படுத்த ஆட்சேபனை இல்லை என்று அவள் அப்பா கையெழுத்திட்டிருந்தார். விலாசத்துக்கு நான் அலைவதை ஆடிட்டர் சொல்லியிருக்கிறார். ஜெனி, நான் ஒன்று சொல்லணும் என்று ஆரம்பித்தேன்.

"மாலும்க்கா, எல்லாம் தெரியும். மேனேஜரே சொல்லிட்டாரு, உங்க அக்காவே வேணாம்னாங்கன்னு."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்கு மொதல்ல வேலை வாங்கிக் குடுத்தது நீங்க. அதுக்குத்தான் இந்தக் காயிதம். அப்பா சும்மா குடுக்கச் சொன்னாரு. நான் மாட்டேன்னுட்டேன். மாசாமாசம் கிராயா குடுத்துருங்க. அதோட ஹிசாப் முடிஞ்சுது, கணக்கு தீந்துச்சு."

வாடகை தருகிறேன் என்றேன். தேநீரைக் குடிக்காமலே போனாள்.

பதிவு வந்துவிட்டது. இப்போது அவள் வீட்டுக் கேட்டில் நீல போர்டுக்குக் கீழே என் போர்டும் இருக்கிறது, பாதி அளவில். அவள் அப்பா சிரித்துப் பேசுவார். அவள் வாடகையை வாங்கிக்கொண்டு ரசீது தருவாள், "நமஸ்தே" என்பாள். முன்பு என்னிடம் அவள் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. அவள் தன் கேட்டைக் காலால் தள்ளித் திறக்கும் அலட்சியத்தைப் பார்க்கும்போது இன்னும் எரிகிறது.

விதிப்படி போர்டில் ஜிஎஸ்டி எண்ணும் எழுத வேண்டும். முதல் இரண்டு இலக்கம் மாநிலத்துக்கு உரியது: தமிழ்நாட்டுக்கு முப்பத்து மூன்று, இந்தத் தீவுகளுக்கு முப்பத்தைந்து. அதற்கு அடுத்த பத்தும் என் பான் எண், முதல் வேலை கிடைத்தபோது திண்டுக்கல் வீட்டு விலாசத்தில் வாங்கியது. தீவின் எண்ணுக்கும் திண்டுக்கல் எண்ணுக்கும் நடுவில் பெயிண்டர் இடமே விடவில்லை. வாடகை கொடுக்கப் போகும்போதெல்லாம் கேட்டுக்கு வெளியே, தெருவில் நின்றபடி, அதை ஒரே எண்ணாக வாசித்துப் பார்க்கிறேன். முப்பத்தைந்து என்றதும் ஒவ்வொரு முறையும் மூச்சு ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் மேலே போகிறது.