மாப்பிள்ளை கேட்ட ஆறு

அக்கா அமெரிக்கா போய் வருடங்கள் ஓடிவிட்டன; ஒரு தடவைகூட ஊருக்கு வரவில்லை. காரணம் அத்தான். டெல்லியில் வளர்ந்து, கம்ப்யூட்டர் வேலைக்காகக் கடல் கடந்த மனிதர். கல்யாணத்துக்கு வந்தபோதும் மண்டபத்தையும் லாட்ஜையும் தவிர எதையும் பார்த்ததில்லை. லீவு கிடைத்தால் போதும், காயாக் என்ற ஒற்றையாள் படகைத் தூக்கிக்கொண்டு, பாறைகளுக்கு நடுவே நுரைத்து ஓடும் ஆறு எங்கே இருக்கிறதோ அங்கே போய்விடுவார். அக்கா கரையில் உட்கார்ந்து அவருடைய சட்டைக்குக் காவல் இருப்பாள்.

"அவருக்கு ஆறு வேணும்ப்பா. ஊருக்கு வந்து என்ன பண்றதுங்கறார்" என்று ஒருநாள் போனில் அழுதாள்.

"ஆறுதானே? நம்ம பக்கம் ஆத்துக்கா பஞ்சம்? மாப்பிள்ளைகிட்ட போனைக் குடும்மா" என்றார் அப்பா. எங்கள் குடும்ப மானம் கப்பலேறத் தொடங்கியது அந்த நிமிடம்தான்.

அப்பா குடவாசல் பக்கத்து விவசாயி. ஆற்றைப் பற்றி அவருக்குத் தெரிந்த கேள்வி ஒன்றுதான்: தண்ணீர் வந்ததா, வரவில்லையா. அத்தானோ நோயாளியை விசாரிக்கும் டாக்டர் மாதிரி கேட்டார். வேகம் எப்படி, ஆழம் எப்படி, சுழல் உண்டா, திருப்பம் உண்டா. எல்லாவற்றுக்கும் "இருக்குங்க மாப்பிள்ளை" என்றார் அப்பா. கடைசியில் வந்தது அந்தக் கேள்வி.

"பாறை இருக்கா மாமா?"

எங்கள் பக்கம் தோண்டிய இடமெல்லாம் களிமண். அம்மிக்கல்லே வெளியூரிலிருந்து வண்டியேறித்தான் வரவேண்டும். அப்பா என்னைப் பார்த்தார், உத்தரத்தைப் பார்த்தார். "பாறை பாறையா இருக்குங்க" என்றார்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "மாப்பிள்ளைகிட்ட போய்ப் பொய் சொல்றீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?"

"ஏன், படித்துறையில துவைக்கிற கல்லு கெடக்குல்ல? அதைக் கொஞ்சம் பெரிசா சொன்னேன்."

அத்தான் லேசுப்பட்டவர் இல்லை. போட்டோ அனுப்பச் சொல்லிவிட்டார். படித்துறைக்குச் சற்று மேலே, ஆற்றின் குறுக்கே இருக்கும் ஷட்டரின் இடுக்கில் கசிந்த தண்ணீர் ஒரு குழியில் விழுந்து கொஞ்சம் நுரைத்துக்கொண்டிருந்தது. நானும் அப்பாவும் துவைக்கிற கல்லை மூச்சிரைக்க உருட்டிப்போய் அதன் நடுவில் போட்டோம். நான் குப்புறப் படுத்துப் படம் எடுத்தேன். அப்பா தானும் படத்தில் நிற்கவேண்டும் என்று வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்தார்.

"நீங்க நின்னா பாறை எவ்வளவு சின்னதுன்னு தெரிஞ்சிடும்பா, தள்ளுங்க!"

பிரவுசிங் சென்டரில் ஸ்கேன் செய்து அனுப்பினேன். அந்த வாரமே டிக்கெட் போட்டார்கள். அம்மா அதன்பிறகு பொய்யைப் பற்றிப் பேசவில்லை. முறுக்குக்கு மாவு அரைக்கக் கொடுத்துவிட்டாள்.

அவர்கள் வந்த சமயம் எங்கள் ஆற்றின் முறை முடிந்து, தண்ணீரைப் பக்கத்து ஆற்றுக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். மறுநாள் காலை அத்தான் ஹெல்மெட்டும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையுமாக, காற்றடித்த படகில் ஏறி உட்கார்ந்தார். படகும் மணலில் உட்கார்ந்துகொண்டது.

குழியில் தேங்கிய தண்ணீரில் துணி அலசிக்கொண்டிருந்த ஓர் அம்மாள், "எறங்கித் தள்ளுங்க தம்பி, ஸ்டார்ட் ஆயிடும்" என்றார். அதோடு விட்டாரா? "தண்ணிதான் இல்லேன்னா, துவைக்கக் கல்லும் இல்லை. இங்க கெடந்ததை எவனோ கட்டையில போறவன் ஷட்டருக்கு உருட்டிக்கிட்டுப் போயிட்டான்."

நானும் அப்பாவும் வானத்தைப் பார்த்தோம். அத்தான் ஷட்டரைப் பார்த்தார். இறங்கி நடந்து போய், அந்தக் கல்லின் முன்னால் ஹெல்மெட்டோடு நின்றார். அதில் இன்னும் சோப்புக் கறை போகவில்லை. கோபத்தில் அக்காவை அழைத்துக்கொண்டு இன்றைக்கே டெல்லிக்கு ரயிலேறிவிட்டால்?

அப்போது கரையிலிருந்து சிரிப்பு கேட்டது. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அம்மாவின் தோளில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். அத்தான் அவளையே பார்த்தார். அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை என்று எனக்குத் தோன்றியது. மெல்ல ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"மாமா, ஒரு கை பிடிங்க. அவங்க கல்லைக் கொடுத்துடலாம்."

லீவு முழுவதும் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள்.

மறு வருடம் வைகாசியில் அத்தானிடமிருந்து போன் வந்தது. ஆற்றில் பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த நேரம்.

"மாமா, ஆறு எப்படி இருக்கு?"

அப்பா ரிசீவரைக் கீழே வைக்கப் போனார். பட்ட அவமானம் அப்படி. மாப்பிள்ளையிடம் கதவுக்குப் பின்னால் நின்றே பேசிப் பழகிய அம்மா, ஓடிவந்து ரிசீவரைப் பிடுங்கினாள்.

"நுரைச்சுக்கிட்டு ஓடுதுங்க மாப்பிள்ளை! பாறை பாறையா இருக்கு!"

மறுமுனையில் அத்தான் சிரிப்பது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"அப்ப டிக்கெட் போட்டுடறேன் அத்தை. படகுதான் இந்தத் தடவை எடுத்துட்டு வரலை."